புழு வரக் கூடாத பாட்டில்கள்

காலேஜ் லேபில் பாட்டில் கழுவி, பழ ஈக்கு ரவையும் வெல்லமும் காய்ச்சி ஊற்றிக் காலம் தள்ளியவர்களுக்குத்தான் நான் சொல்வது உறைக்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

மாப்பிள்ளை தேடியது

விழுப்புரத்தில் எங்கள் லேபில் ஆராய்ச்சி செய்த கவிதாவுக்கு வெளியில் திரியும் ஆண் ஈக்கள் வேண்டும். நான் தினம் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பஸ் ஏறும் முன் பழக்கடையில், அழுகின வாழைப்பழத்தின் மேல் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு நிற்பேன். ஆண், பெண் பிரிப்பது கவிதா வேலை. கடைக்காரர் ஒருநாள் பொறுக்காமல் கேட்டார்: "ஏங்கம்மா, பழத்த உட்டுட்டு ஈய புடிச்சிக்கினு போறீங்களே, வூட்ல அவ்ளோ பேஜாரா?"

மலட்டு மகள்கள்

வெளி ஈயின் மரபணுவில் இடம் விட்டு இடம் தாவும் துண்டு ஒன்று இருக்கிறதாம். தலைமுறை தலைமுறையாகப் பாட்டிலிலேயே வளர்ந்த லேப் பெண் ஈக்கு அதை அடக்கத் தெரியாதாம். வெளி ஆணையும் லேப் பெண்ணையும் சேர்த்தால், பிறக்கும் மகள் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வயிற்றில் முட்டை தங்காது. வெளிப் பெண்ணையும் லேப் ஆணையும் சேர்த்தால் ஒரு குறையும் இல்லை.

முதல் தடவை அப்படியே வந்தது. இன்னொரு தடவை வந்தால் கவிதா தீசிஸ் எழுதிவிடலாம். புழு நெளியாத அந்த மகள்களின் பாட்டில்களைப் பார்த்து "ஐயோ பாவம்" என்றேன். அவள் பதறிவிட்டாள்: "பாவம்லாம் பாக்காதீங்கம்மா. இதுல புழு வந்துச்சுன்னா, எங்கப்பா படிப்ப நிறுத்தி கல்யாணம் பண்ணி வெச்சிடுவாரு."

ஒரு வார்த்தை கூடுதல்

சாயங்காலம் பூட்டும் முன் பாட்டில்களுக்குச் சிலுவை அடையாளம் போட்டு, கவிதாவுக்காக ஜெபிப்பேன். நானும் பிள்ளை பெற்றவள்தானே, மனசு கேட்காமல் அந்த மகள்களுக்கும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன். அதை அவளிடமும் சொல்லியிருந்தேன்.

ஒரு காலை பார்த்தால், பாட்டில் பாட்டிலாகப் புழு. வெளி ஈ எப்போதோ பழைய லேப் ஈக்களோடு கலந்திருக்கிறது. லேப் ஈக்களுக்கும் தாவும் துண்டு ஏறி, அதை அடக்கும் பழக்கமும் வந்துவிட்டது; மகள்களும் முட்டையிட்டுவிட்டன. இனி அந்த வம்சத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கவிதா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய கைடு சார் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "எல்லாத்தையும் கொட்டிடுங்க."

பத்திரிகை

வெளியூர் லேபிலிருந்து கலப்பில்லாத புது ஈ வரவழைக்கும் வரை அவள் அப்பா காத்திருக்கவில்லை. கவிதா வெற்றிலை பாக்கு வைத்து எனக்குப் பத்திரிகை கொடுத்தாள். "சந்தோஷமா இரு, உனக்காக வேண்டிக்கிறேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"கல்யாணத்துக்கு வாங்கம்மா. ஜெபம் மட்டும் வேணாம்."

எத்தனையோ கேட்டிருக்கிறேன், ஆண்டவர் கையோடு கொடுத்தது அந்தப் புழுக்களைத்தான்.