லொறிக் கதவில் ஒரு பெயர்

நீராவிப்பிட்டி மீராமுகைதீன் நிறுத்தாமல் பேசுகிற மனிதர். மனைவியின் பெயரை மட்டும் கலியாணமான நாள் தொட்டு வாயால் சொன்னதில்லை, "வீட்டில" என்பார். ஆனால் மனைவியின் சீதனக் காணியை விற்று வாங்கிய லொறி அந்த "வீட்டில"யின் பெயரில்தான் பதிவாகியிருந்தது. ஆனையிறவு உப்பைக் கூலிக்கு ஏற்றப் பெர்மிட் வேண்டும். பெர்மிட்டுக்கு உரிமையாளரின் பெயர் கதவில் இருக்க வேண்டும்.

பெயின்ற் அடிக்கும் அப்புத்துரை கேட்டார். "கதவிலை ஆற்றை பேரை எழுத, நானா?"

"வீட்டிலதான்."

அப்புத்துரை சொன்னதைச் சொன்னபடி எழுதுபவர். அதுதான் அவருடைய தொழில் சுத்தம். பெர்மிட்டுக்குப் போன இடத்தில், வவுனியாவில், பரிசோதகர் கதவை இரண்டு தரம் வாசித்தார்.

"உரிமையாளர், வீட்டில. ஆள் வீட்டிலை நிக்கிறது விளங்குது. பேர் என்ன?"

மீராமுகைதீன் அக்கம்பக்கம் பார்த்தார். பெர்மிட் இல்லாவிட்டால் அந்த லொறி கோழி அடைக்கத்தான் உதவும். கடைசியில் பரிசோதகரின் காதருகே குனிந்து, களவுச் சாமான் விற்பவர் போல, "செய்னம்பு" என்றார்.

அங்கேயே பெயின்ற் இரவல் வாங்கி, தன் கையாலேயே பொடி எழுத்தில் எழுதினார். பெர்மிட் கிடைத்தது.

லொறி வீடு வந்ததும் செய்னம்பு முக்காட்டை இழுத்துவிட்டபடி கதவருகே குனிந்து பார்த்தார்.

"இதென்ன, எறும்புக்கா எழுதினீங்க? பெரிசா எழுதச் சொல்லுங்க. நீங்கதான் கூப்பிட மாட்டீங்க, ஆனையிறவுச் சனமாவது வாசிக்கட்டும்."

அடுத்த நாள் அப்புத்துரை கதவு நிறைய எழுதினார். மீராமுகைதீன் தள்ளி நின்று, எழுத்துப் பிழை மட்டும் பார்த்தார்.