பொத்தான் கோத்த ஜெபமாலை

அந்த ஜெபமாலையில் ஒரு மணி மட்டும் மணி இல்லை, சட்டைப் பொத்தான். வேளாங்கண்ணியில் வாங்கிய நீலக் கண்ணாடி மாலை அது. எப்போதோ ஒரு மணி உடைந்துபோக, அப்பா தன் காக்கிச் சட்டையிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்து அந்த இடத்தில் கோத்துக் கொடுத்தார். ஹார்பரில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டிய கை அவருடையது. இரும்புக் கயிற்றைவிட மெல்லிய எதையும் தொட்டுப் பழகாத கை. "ஒண்ணு கொறஞ்சா ஜெபம் தப்பிடும்ல" என்றார். "மாதாவுக்கே பட்டன் வெச்சி வுட்டுட்டியா நீ" என்று அம்மா சிரித்தாள். வாயின் இரண்டு ஓரமும் மேலே ஏறிய சிரிப்பு. அப்படி ஒரு முழுச் சிரிப்பை அவள் முகத்தில் அதற்குப் பிறகு நான் அதிகம் பார்க்கவில்லை.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்சந்தில் ஒற்றை அறையும் ஒரு சமையற்கட்டும் எங்கள் வீடு. ரயில் போனால் தட்டுகள் பேசும், காற்று திரும்பினால் காசிமேட்டு மீன்வாடை முழுவதும் வீட்டுக்குள் வந்து உட்காரும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்த அம்மாவின் கை திடீரென்று நின்றது. என் தோளைத் திருப்பி முகத்தைப் பார்த்தாள். "வளந்துகினே போறடி. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "இன்னாமா?" என்றேன். "பறக்காத. ஒக்காந்து சொல்ற விசயம். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி வந்து சொல்றேன்." மறுநாள் காலை குழாயடியில் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். ஞாயிறு பூசை மணி அடித்தபோது பெரியாஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மூளையில ரத்தக் குழாய் வெடிச்சிருக்கு." அந்த வாக்கியத்தை நான் கேட்டேன். அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

வலது கையும் வலது காலும் போயின. பேச்சு போயிற்று. "ப... ப..." என்று ஒரே ஒலி, அதற்குள் தண்ணீரும் பசியும் என் பெயரும் எல்லாமும். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாலை பக்கத்து வீட்டார் கூடி ஜெபமாலை சொன்னார்கள். நடுவில் ஒரு குரல் சேர்ந்துகொண்டது. அம்மாவின் குரல். அருள்நிறை மரியே மந்திரத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பிசிறில்லாமல் சொன்னாள். அத்தை, அப்பாவின் அக்கா, முட்டிபோட்டு அழுதாள். "மாதா வாயத் தொறந்துட்டாடா தம்பி." ஜெபம் முடிந்தது. நான் ஓடிப்போய், "அம்மா, தண்ணி வேணுமா?" என்றேன். "ப... ப..." என்றாள். டாக்டர் பிறகு விளக்கினாராம்: பழகின பாதையில் வாய் தானாக ஓடும், புதிதாக ஒரு சொல்லைத் தேடி எடுக்கத்தான் முடியாது. ஆக, என் அம்மாவுக்கு மிஞ்சியது ஒரே ஒரு மந்திரம். ஓட ஆரம்பித்தால் நடுவில் நிற்காத மந்திரம்.

அத்தை சமைத்துப்போட எங்களோடு வந்து தங்கினாள். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றவள். வாய்க்குப் பேர் போனவள். ஆனால் சில விஷயங்களில் அந்த வாய்க்குப் பூட்டு. கொல்லைக் கொடியில் பாவாடைக்கு அடியில் மறைத்து அவள் உலர்த்தியிருந்த பழந்துணிகளைப் பார்த்து, "இது இன்னாத்துக்கு அத்தை?" என்று ஒருநாள் கேட்டேன். கரண்டி என் பக்கம் திரும்பியது. "கலீஜ் பேச்சு பேசாத. பொம்பள சமாச்சாரத்த வாயத் தொறந்து கேட்டா நாக்கு அழுவிடும், தெரிஞ்சிக்க." சும்மா விரட்டத்தான் சொன்னாள். ஆனால் நாக்கு போன ஒருத்தியை வீட்டில் படுக்கவைத்துக்கொண்டு அதைச் சொன்னாள். அம்மா என்னிடம் ஏதோ சொல்ல இருந்தாள். மறுநாளே அவள் நாக்கு போயிற்று. இந்த இரண்டுக்கும் நடுவில் என் மனம் தானாகவே ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டது.

அப்படியிருக்கையில்தான் பள்ளிக்கூடத்தில், கணக்கு வகுப்பில், எனக்கு இரத்தம் வந்தது.

குழாய் வெடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அம்மாவுக்குத் தலையில், எனக்கு அடிவயிற்றில். இன்னும் கொஞ்ச நேரத்தில் கை விழும், கால் விழும், பேச்சு போகும். யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் நாக்கு அழுகும். சொல்லாவிட்டாலும் போகப்போகிற நாக்கு. பையைப் பின்னால் தொங்கவிட்டு மறைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பேச்சு இருக்கிறதா என்று பார்க்க ரயில் நிலையங்களின் பெயர்களை முணுமுணுத்தபடி நடந்தேன்: கடற்கரை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை. திருவொற்றியூர் வரும்போது நடை மெதுவாகும், அந்த 'ற்றி'யில் நாக்கு மடங்குமா என்று. மடங்கியது. எண்ணூர்வரை போய்விட்டுத் திரும்பவும் கடற்கரை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதையேதான் செய்தேன். சாப்பிடும்போது, குளிக்கும்போது, அம்மாவின் எச்சிலைத் துடைக்கும்போது. அத்தையின் துணிகளில் இரண்டைத் திருடி வைத்துக்கொண்டேன். "இன்னாடி ரயிலு ஓட்டிகினே கீற, பைத்தியமா?" என்றாள் அத்தை. "ஒண்ணும் இல்ல அத்தை" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார், ஏதோ கேட்க வந்தார், "சாப்டியா பாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார். அந்தக் காலத்தில் என்னைச் சுற்றி எத்தனை வாய்கள் வேலை செய்துகொண்டிருந்தன. ஒன்றுகூட எனக்கு உதவவில்லை.

கண்டுபிடித்தது, பேச முடியாதவள்தான். ஒரு மதியம் அவளுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு எழுந்தபோது இடது கையால் என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். பின்பக்கம் கறை. அவள் கண் அதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. அணை உடைந்தது எனக்கு. "அம்மா, எனக்கும் குழா வெடிச்சிருச்சிமா. நானும் உன்ன மாரி ஆயிடுவனா? செத்துருவனா?" அம்மாவின் முகம் அப்போது ஆனதை எழுத இத்தனை வருடமாக முயல்கிறேன், முடியவில்லை. கரையில் நின்று, மூழ்கும் பிள்ளையைப் பார்க்கிறவளின் முகம் என்று சொன்னாலும் போதாது. ஏனென்றால் இவளும் தண்ணீருக்குள் இருந்தாள். "ப... ப... ப..." என்றாள். கட்டிலை அடித்தாள். தலையணைக்கடியில் துழாவி ஜெபமாலையை எடுத்தாள். மந்திரத்தை ஆரம்பித்தாள்.

சாகப்போகிறவளுக்காக ஜெபிக்கிறாள் என்று நினைத்து நான் இன்னும் அழுதேன். ஆனால் அவள் ஜெபிக்கவில்லை. மந்திரத்துக்குள் ஒரு சொல்லைத் தேடிப் போய்க்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தப் பார்த்தாள். வாய் நிற்காமல் ஆமென்வரை ஓடிவிட்டது. எங்கள் நிலையத்தில் நிற்காமல் போகும் விரைவு ரயிலைப்போல, கையசைக்கக் கையசைக்க, ஓடிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி ஓடியது. நெற்றியில் வியர்வை. எச்சில் வழிந்தது, துடைக்க வந்த என் கையைத் தட்டிவிட்டாள். அடுத்த முறை அந்தச் சொல் வந்ததும் இடது கை விரல்மூட்டைத் தன் வாய்க்குள் திணித்துக் கடித்தாள். மந்திரம் நின்றது. அவள் கடைசியாகச் சொன்ன சொல் அறைக்குள் தனியாக நின்றது: "பெண்களுக்குள்."

விரலை எடுத்தாள். சுவரில் இருந்த மாதாவைக் காட்டினாள். சுவருக்கு அப்பால் துணி துவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டியைக் காட்டினாள். தன் நெஞ்சைக் காட்டினாள். பிறகு என்னை. எனக்குப் புரியவில்லை. இன்னொரு சொல் வேண்டும் அவளுக்கு. அது கொஞ்சம் தள்ளி இருந்தது. அதற்கும் முதலிலிருந்துதான் போக வேண்டும். போனாள். தவறவிட்டாள். தொண்டையைக் கிழித்துக்கொண்டு அழுதாள். மறுபடி போனாள். "திருவயிற்றின்" என்று சொன்ன கணத்தில் பல் மூட்டில் இறங்கியது. அந்தக் கையை, பல் பதிந்த கையை, என் தொப்புளுக்குக் கீழே வைத்து அழுத்தினாள். சூடாக இருந்தது. வலி கொஞ்சம் அடங்கியது. இல்லை, சாவு இல்லை என்று தலையை ஆட்டினாள். திரும்பத் திரும்ப ஆட்டினாள். பிறகு ஜெபமாலையில் பொத்தானைத் தொட்டு, என் வயிற்றைத் தொட்டு, மணி மணியாக நகர்ந்து ஒரு சுற்று சுற்றி, மறுபடி பொத்தானுக்கு வந்து, மறுபடி என் வயிற்றைத் தொட்டாள். போகும். வரும். பயப்படாதே. வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே ஏறியது.

அதன்பின் எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்தது. அத்தை மீன் விற்கப் போகும் மதியங்களில் நான் கேட்பேன், அவள் தலையசைப்பாள். சொல்ல அவளிடம் சொல் இல்லை. ஆகவே கேள்விகளை நானே தேட வேண்டியிருந்தது. வலிக்குமா? ஆமாம். எப்பவுமேவா? இல்லை. பசங்களுக்கும் உடம்பு மாறுமா? ஆமாம், அரைச் சிரிப்போடு. அசிங்கமா? இல்லை என்பதற்கு அவள் தலை ஆடிய வேகத்தில் கட்டில் கிரீச்சிட்டது. ஒருநாள், "எனக்குப் புடிக்காம யாராவது தொட்டா?" என்று கேட்டேன். என் மணிக்கட்டைப் பற்றினாள். வாயை அகலத் திறந்து காட்டினாள். கத்து. பிறகு தன் காதைத் தொட்டாள். என்னிடம் வந்து சொல். குரலில்லாதவள் எனக்குக் கத்தக் கற்றுக்கொடுத்தாள். பேச்சு நன்றாக இருந்த அம்மாக்களின் பெண்கள் என் வகுப்பில் நிறைய பேர். அவர்கள் யாரும் வீட்டில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

கறை அத்தையின் கண்ணிலும் பட்டது. சடங்கு வைத்தாள். "ஆத்தா படுத்துட்டா, பொண்ண கண்டுக்கலன்னு எவளும் சொல்லக்கூடாது." சந்து முனையில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, காலையிலிருந்து பாட்டு. ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்தது, ஐஸ் வண்டிக்காரருக்குத் தெரிந்தது. எனக்கு என்ன ஆயிற்று என்று ஊருக்கே ஒலிபெருக்கியில் சொன்னார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. "இனிமே பசங்களோட பேச்சு வெச்சிக்காத" என்றாள் அத்தை. "ஏன்?" என்றேன். "ஏன்னா ஏன். வாய மூடிகினு ஒக்காரு." நான் கட்டிலைப் பார்த்தேன். மஞ்சள் பூசிய என் முகத்தை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம், அவள் அரையாக, நான் முழுதாக.

மழைக்காலத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. இந்த முறை மந்திரத்தையும் எடுத்துக்கொண்டது. சில நாள் கண் மட்டும் இருந்தது, பிறகு அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்ல இருந்ததை அவள் முழுதாகச் சொல்லி முடித்தாளா, பாதிதானா, எனக்குத் தெரியாது. அதற்குப் பின் எனக்குள் முளைத்த கேள்விகளுக்குத் தலையசைக்க யாருமில்லை. காதல் வந்தபோது, முதலிரவுக்கு முன்பு, கருவுற்று அது கலைந்தபோது, பிரசவ அறையில், எங்கெங்கோ நின்று அந்தக் கட்டிலின் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நான் திருவொற்றியூரில் இருக்கிறேன். பள்ளி ஆசிரியை, நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிறவள். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. மாதவிலக்கு பற்றி நான் சொல்லப் போனபோது, "தெரியும்மா, யூடியூப்ல பாத்துட்டேன்" என்றாள். இப்போது அது இல்லை, வேறெதுவோ. சில நாட்களாக அவள் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறாள். போனைக் கவிழ்த்து வைக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது. யாராவது ஏதாவது அனுப்பினார்களா? டியூஷனில் யாராவது ஏதாவது செய்தார்களா? யாரையாவது பிடித்திருக்கிறதா, அதுதானா? அதுவாக இருந்துவிடட்டும் என்று சாமியிடம் கெஞ்சுகிறேன். "ஒண்ணும் இல்லமா" என்கிறாள். அந்தப் பதிலை எனக்குத் தெரியும். ரயில் நிலையங்களின் பெயர் சொல்லிக்கொண்டு நடந்த பிள்ளையும் அதையேதான் சொன்னாள்.

கதவைத் தட்டி உள்ளே போகிறேன். கேட்க வாயைத் திறக்கிறேன். "பரீட்சை எப்போ? எண்ணெய் வெச்சிக்கிறியா? தோசை ஊத்தட்டுமா?" நாக்கு பழகின பாதையில் ஓடி, கேட்க வேண்டிய இடத்தைத் தாண்டி, ஆமென் சொல்லிவிட்டு வெளியே வந்து நிற்கிறது. அம்மாவுக்கு மூளையில் குழாய் வெடித்திருந்தது. எனக்கு என்ன? சமையலறையில் நின்று அழுதுவிட்டு மறுபடி போகிறேன். மறுபடி தோசை.

இன்று மாலை பீரோவிலிருந்து அந்த மாலையை எடுத்துக்கொண்டு போனேன். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். திரும்பாமலே, "இன்னாமா, ஜெபம் பண்ணப் போறியா?" என்றாள். "இல்ல. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்." முதுகு அசையவில்லை. "கேளு." வாயைத் திறந்தேன். "நாளைக்கி யூனிபார்ம் அயர்ன் பண்ணணுமா?" என்றேன். விரல்மூட்டைக் கடித்துக்கொள்ள மறந்திருந்தேன்.

கீழே தெருவில் ஒரு லாரி பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. அவள் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினாள். மெல்லத் திரும்பினாள். கண் வீங்கியிருந்தது.

"நீ அதக் கேக்க வரல" என்றாள். "மொதல்லேந்து கேளு."

காக்கிச் சட்டைப் பொத்தானின் துளைகள் என் கட்டைவிரலில் அழுந்தின. நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.