அம்மாவின் கையை அவிழ்த்தவன்

என் அம்மாவின் இடது கையைக் கட்டிலின் கம்பியோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். அங்கிருந்துதான் நான் தொடங்க வேண்டும். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் கைதான் முதலில் தெரிகிறது.

நம் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருகிற பலருக்கு அம்மாவை நினைவிருக்கும். முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, பாட்டில் யார் சுதி தப்பினாலும் திரும்பிப் பார்த்து முறைப்பாரே, அவர்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சும் நின்றுவிட்டது. அத்தனை பேரை அதட்டிய வாய், தண்ணீர் வேண்டும் என்றுகூடச் சொல்ல முடியாமல் போனது.

எங்கள் வீடு லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியில் நாலாவது மாடி. என் கணவருக்குப் பாயான் பாரு வட்டாரத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எனக்குத் துறைமுகத்துக்கு எதிரே கப்பல் ஏஜென்சியில் கிளார்க் வேலை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருந்த என் அண்ணன்தான் வந்து, ஒரு பழைய பங்களாவில் நடந்த நர்சிங் ஹோமில் அம்மாவைச் சேர்த்தார். கையெழுத்துப் போட்டவர் அவர். ஆகவே அங்கே அவர் பேச்சுதான் பேச்சு. ஞாயிறுதோறும் அவர் பெர்த்திலிருந்து அங்கே தலைமை நர்ஸாக இருந்த மேட்ரனுக்குப் போன் செய்வார். நான் தினமும் வேலை முடிந்து பஸ் பிடித்துப் போய் அம்மாவுக்குச் சாப்பாடு கொடுப்பேன். கொள்ளி வைக்கப் போகிறவர் மகன், கட்டிக்கொடுத்த மகள் வேறு வீட்டுக்காரி. எங்கள் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

மாலையில் போனதும் கை கழுவி, அம்மாவின் நெற்றியில் திருநீறு பூசுவேன். பிறகுதான் கஞ்சிக் கிண்ணத்தைத் திறப்பேன். என் கையால் கொடுத்தால் மெதுவாக விழுங்குவார். ஆனால் காலையிலும் மதியமும் வாயையே திறப்பதில்லை என்று மேட்ரன் குறைப்பட்டுக்கொண்டார். அவர் ஒரு சீனப் பெண்மணி, நல்லவர், நோயாளிகளைக் கடிந்து பேசாதவர். உன் அம்மாவுக்கு உன்மேல்தான் ஆசை, மற்றவர் கொடுத்தால் பிடிவாதம் என்று மலாய் மொழியில் சொல்லிச் சிரிப்பார். நானும் அதைப் பாசம் என்றே நினைத்தேன்.

அம்மா இளைத்துக்கொண்டே போனார். ஐப்பசி மாதம் ஒரு மாலை நான் உள்ளே போனபோது அவர் மூக்கில் ஒரு குழாய் செருகியிருந்தது. டாக்டர் சொன்னாராம், அண்ணன் போனில் சரி என்றாராம். என்னை யாரும் கேட்கவில்லை. தினமும் அந்தக் கட்டிலருகில் உட்காருகிறவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த நாளே அம்மா குழாயைப் பிடுங்கிவிட்டார். மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் பிடுங்கினார். மூக்கில் இரத்தம் காய்ந்திருந்தது. அப்போதுதான் கையைக் கட்டினார்கள். நான் மேட்ரனிடம் அழுது கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். உன் அண்ணன் சொல்லட்டும், அவிழ்த்துவிடுகிறேன் என்றார்.

அன்றைக்கே அண்ணனைப் போனில் பிடித்தேன்.

"அண்ணே, அம்மா கைய கட்டிப் போட்டிருக்காங்க. குழாய எடுக்கச் சொல்லுங்க."

"எடுத்தா சாப்பாடு எப்படி உள்ள போகும்? அப்பா சாகக் கிடந்தப்ப ஆஸ்பத்திரி வேணாம்னு சொன்னாரு, எல்லாரும் தலையாட்டினீங்க. நான் வந்து சாம்பலத்தான் பாத்தேன். அம்மாவையும் அப்படி விடச் சொல்றியா?"

"நீங்க வந்து ஒரு தடவ பாருங்க."

"கிறிஸ்மசுக்குத்தான் லீவு கிடைக்கும் லா."

நான் என் வாழ்நாளில் அண்ணனிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்று கத்தினேன். அது உங்களைப் பெற்றவள் கை, ஆட்டுக்குட்டியின் கால் இல்லை என்று கத்தினேன். அவர் போனை வைத்துவிட்டார்.

கந்தசஷ்டி விரதம் தொடங்கியது. வேலைக்கும் போய்க்கொண்டு, பாலும் பழமுமாக விரதம் இருந்தேன். தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறிப் போய் முருகன் முன்னால் நின்றேன். அம்மாவைப் பிழைக்க வை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் உடம்பைப் பார்த்த யாருக்கும் வராது. "அப்பனே, என் பேச்சு எடுபடவில்லை. அந்தக் கையை நீ அவிழ்த்து விடு. என்ன வேண்டும் என்று அவள் எங்களுக்குக் காட்டட்டும்." அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் பார்க்கிறார்கள் என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன்.

சூரசம்ஹாரம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். போன் அடித்தது. அண்ணன்.

"தங்கச்சி, டிக்கெட் எடுத்திட்டேன். நாளைக்குக் காலையில அங்க இருப்பேன். நீ போட்ட சத்தம் காதவிட்டுப் போகல."

லீவு கிடைக்காது என்றவர். பூசை அறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

விமான நிலையத்திலிருந்து நேராக நர்சிங் ஹோமுக்குப் போனோம். அதுவரை நான் அங்கே காலையில் போனதே இல்லை. பணிப்பெண் அம்மாவுக்கு உடம்பு துடைத்து முடித்திருந்தாள். முந்தின மாலை நான் பூசிய திருநீறும் அதோடு போயிருந்தது. துடைத்த நெற்றி வெறுமையாக இருந்தது. அம்மா அண்ணனைப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அண்ணன் கட்டைப் பார்த்தார். தானே குனிந்து முடிச்சை அவிழ்த்தார்.

அம்மாவின் கை உடனே முகத்துக்கு உயர்ந்தது. குழாயைப் பிடுங்கப் போகிறார் என்று பணிப்பெண் ஓடி வந்தாள்.

"விடுங்க. என்ன செய்றாங்கன்னு பாப்போம்" என்றார் அண்ணன்.

கை குழாயைத் தாண்டிப் போனது. மூன்று விரல்கள் நெற்றியில் பட்டன. நடுங்கிக்கொண்டே இடமிருந்து வலமாக இழுத்தன. விரலில் ஒன்றும் இல்லை, நெற்றியிலும் ஒன்றும் இல்லை. திரும்பி இறங்கும்போது மணிக்கட்டு குழாயில் மாட்டி இழுத்தது. அம்மா வலியில் முனகினார். மறுபடியும் கை நெற்றிக்கே போனது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. திருநீறு பூசாமல் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. எங்களையும் குடிக்க விட்டதில்லை. வெறும் நெற்றியோடு இருந்தவருக்குக் காலையில் கஞ்சியை நீட்டினால் எப்படி வாயைத் திறப்பார்? வலது கை போன பிறகு இடது கையால் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு காலையும் கேட்டிருக்கிறார். அந்தக் கையில் மாட்டித்தான் குழாய் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. நாங்கள் கட்டிப் போட்டோம்.

என் கைப்பையிலிருந்த திருநீற்றை எடுத்தேன். அண்ணன் கையை நீட்டினார். அவர் ஆஸ்திரேலியா போன பிறகு திருநீறு பூசி நான் பார்த்ததில்லை. அம்மாவின் நெற்றியில் அவர் பூசினார். நான் கரண்டியில் கஞ்சியைக் கொண்டுபோனேன். குழாய் இருந்தும் அம்மா வாயைத் திறந்தார். மேட்ரன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி, சின்னப் பையனைப்போல விம்மினார்.

அன்றே டாக்டர் வந்தார். குழாயை எடுத்தால் புரை ஏறலாம், நாளும் குறையலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். அண்ணன் மேட்ரனிடம், "இனிமே எங்கிட்ட கேக்காதீங்க. தங்கச்சி சொல்றதுதான்" என்றார். குழாயை எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள். அன்றிலிருந்து காலைக் கஞ்சிக்கு முன்னால் அம்மாவுக்குத் திருநீறு பூச மேட்ரன் ஏற்பாடு செய்தார். மூன்று விரலால் எப்படி இழுப்பது என்று அந்தச் சீனப் பெண்மணி என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார்.

அம்மா எழுந்து நடந்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மார்கழியில் நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். என்னைக் கேட்கவில்லை என்று அழுதவள், கேட்டபோது போனைத்தான் தேடினேன். அண்ணனுக்குப் போன் செய்தேன். "பக்கத்துல இருக்கிறவ நீ. நீ என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்" என்றார். முன்பு அவர் மட்டும் தனியாகச் சுமந்தது எவ்வளவு பாரம் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. முருகா, நீ என்னோடு நில் என்று சொல்லிவிட்டு, வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்றேன். அந்த வார்த்தையைச் சொன்ன நடுக்கம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது.

ஒரு காலை, துடைத்துவிட்டுத் திருநீறு பூசினேன். ஒரு கரண்டி பால் கொடுத்தேன். விழுங்கினார். அவர் இடது கை என் மடியில் இருந்தது, கட்டு இல்லாமல். கொஞ்ச நேரத்தில் மூச்சு அடங்கியது.

கொள்ளி வைக்க அண்ணன் வந்தார். சவப்பெட்டியை மூடுவதற்கு முன், எல்லாரும் பார்க்க, திருநீற்றுத் தட்டை என்னிடம் நீட்டி, "நீ பூசு" என்றார். பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். நான் பூசினேன்.

அன்பர்களே, நான் கேட்டதை முருகன் கொடுத்தான். ஆனால் அவன் கொடுத்ததைப் பார்க்க நாங்கள் கட்டிலருகில் நிற்க வேண்டியிருந்தது. உங்கள் தாயோ தகப்பனோ இப்படி ஓர் இடத்தில் இருந்தால், யார் பேச்சு எடுபடுவது என்று சண்டை போடும் முன்னால், அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று காட்டும்படி அவனிடம் கேளுங்கள். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். கேட்டுவிட்டு, ஒரு காலை நேரத்தில் போய்ப் பாருங்கள். அவன் காட்டுவான்.

அண்ணன் இப்போது ஞாயிறுதோறும் எனக்குப் போன் செய்கிறார். போன வாரம் பேசிவிட்டு வைக்கும்போது, "தங்கச்சி, திருநீறு முடிஞ்சுபோச்சு. கொஞ்சம் போஸ்ட்ல அனுப்பு. அது இல்லாம காலையில டீ தொண்டையில இறங்கமாட்டேங்குது" என்றார்.