ராஜாளியை வெயிலுக்குக் கொண்டுவந்தவன் நான்

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருவாமாத்தூரிலிருந்து விழுப்புரத்துக்கு நடந்து வந்து, ஓர் அச்சகத்தில் மிஷின் துடைக்கிற வேலையில் சேர்ந்தேன். 1993-இல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சொந்த அச்சகம் போட்டேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் அச்சகம் நடத்துவானா என்று சிரித்தவர்கள், பிறகு தங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை என்னிடமே அடித்தார்கள். காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சு மிஷின் ஒன்று, இரண்டானது. திண்டிவனத்தில் கிளை போட்டேன். ஆஃப்செட் மிஷின் வந்தபோது மற்றவர்கள் பயந்தார்கள், நான் வாங்கினேன். கம்ப்யூட்டர் வந்தபோதும் அப்படித்தான்.

இவ்வளவையும் ஊர் ஒப்புக்கொள்கிறது. நான் உண்டாக்கிய இன்னொன்றை மட்டும் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். அது ‘நண்பகல் ராஜாளி’ என்கிற படக்கதை வீரன். சினிமாவாக வந்து சக்கைப்போடு போட்டதே, அந்த ராஜாளிதான்.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் படிப்பதற்காக இதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதியவள் என் மனைவி அஞ்சலை. இரண்டு இடங்களில் “இது வேணாங்க” என்றாள். வேண்டும் என்று சொல்லி எழுத வைத்திருக்கிறேன்.

1. கறுப்பு காயவில்லை

அச்சகம் தொடங்கிய வருடமே சுகுமாரன் மாஸ்டர் வந்தார். திண்டிவனத்தில் டிராயிங் மாஸ்டர். அருமையான கை. பதினாறு பக்கம் வரைந்து, செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தார். மேலே ‘நள்ளிரவு ராஜாளி’ என்று எழுதியிருந்தது. பறக்கிற வீரன். கறுப்பு உடுப்பு, கறுப்பு முகமூடி, கறுப்பு வானம். பக்கத்துக்கு முக்கால் பாகம் கறுப்பு.

“எப்டி இருக்கு ஓனரே?” என்றார்.

“படம் நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். மிஷின்ல ஏத்திப் பாத்துட்டுச் சொல்றேன்.”

முதல் இரண்டு பக்கத்துக்குப் புதுச்சேரியில் துத்தநாகத் தகட்டில் படத்தை அரித்து, அச்சடிக்கிற பிளாக்காகச் செய்து வந்தோம். டிரெடிலில் அவ்வளவு பெரிய கறுப்பைச் சீராக அடிக்க முடியாது. மை குறைத்தால் திட்டுத் திட்டாக வெளுத்துப் போகும். மை கூட்டினால் காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அன்று இரண்டும் நடந்தது. வீரன் எங்கே, வானம் எங்கே என்று பிரிக்க முடியவில்லை. ஒரு கட்டுத் தாள் பாழ்.

மாஸ்டர் தாளைத் தூக்கிப் பார்த்தார். “இன்னா ஓனரே, கரிச்சட்டி கவுந்த மாதிரி இருக்குது?”

அப்போதுதான் நான் சொன்னேன். “மாஸ்டர், ராத்திரியே வேணாம். இவனைப் பகல்ல வுடுங்க.”

“சூப்பர் ஹீரோ பகல்ல வருவானா? உலகத்துல எவன் வர்றான்?”

“உலகம் கெடக்கட்டும். நம்ம ஊருக்கு வாங்க. ராத்திரி ஆனா அவனவன் வாசல்ல கயித்துக் கட்டில் போட்டுக்கினு படுத்திருக்கான். திருடன் கால் வெச்சா எவன் மேலயாவது மிதிப்பான். தெரு எப்ப காலியா இருக்குது? சித்திரை வெயில்ல, மத்தியானம் பன்னண்டு மணிக்கு. அப்பத்தான் திருடன் வருவான். அப்பத்தான் இவனும் வரணும்.”

எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த அஞ்சலை தலையைத் திருப்பாமலே சொன்னாள்: “எங்க வூட்டுல அண்டாவைத் தூக்கிக்கினு போனதும் மத்தியானத்துலதான் மாஸ்டர்.”

மாஸ்டருக்கு மனசில்லை. “கறுப்பு டிரஸ்ஸு?”

“வெள்ளை போடுங்க. வெள்ளைக்கு மை வேணாம், தாளே வெள்ளைதான்.”

ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லாவற்றையும் புதிதாக வரைந்து கொண்டுவந்தார். ‘நள்ளிரவு’ போய் ‘நண்பகல்’ வந்தது. உச்சி வெயிலில், நிழல் காலடியில் சுருண்டு கிடக்க, வெள்ளை உடுப்பில் வானத்திலிருந்து இறங்குகிறவன். இப்போது நினைத்தாலும் மயிர்க்கூச்செறிகிறது. அப்படி ஒரு வீரன் அதுவரை எந்த தேசத்திலும் கிடையாது. அவனை உண்டாக்கியது என் வாய்.

2. மாணிக்கம் ஏன் சாகவில்லை

வில்லன் பெயர் மொட்டை மாணிக்கம். முதல் புத்தகத்தின் கடைசியில் அவனைக் கிணற்றில் தள்ளிக் கொல்வதாக மாஸ்டர் எழுதியிருந்தார். நான் கூடாது என்றேன்.

“ஏன்? அவன் இன்னா உங்க மச்சானா?” என்றார் மாஸ்டர்.

“பிளாக்கு இருக்குதே மாஸ்டர். இவன் சிரிக்கிற பிளாக்கு ஒண்ணு, ஓடுற பிளாக்கு ஒண்ணு, மொறைக்கிற பிளாக்கு மூணு. இவனைக் கொன்னுட்டா அதையெல்லாம் இன்னா பண்றது? ஒவ்வொரு தபாவும் புது வில்லனுக்குப் புதுசா பிளாக்கு போட்டுக்கினு இருந்தா நம்ம கதைதான் முடியும்.”

ஆகவே மாணிக்கம் சாகவில்லை. ஒவ்வொரு புத்தகத்திலும் பிடிபடுவான். ராஜாளி அவனை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, “வெய்யில்ல ஓடி வந்திருக்க, மொதல்ல குடி” என்று ஒரு சொம்பு கேப்பைக் கூழ் கொடுப்பான். குடித்து முடித்துவிட்டுத்தான் மாணிக்கம் ஜெயிலுக்குப் போவான். அடுத்த புத்தகத்தில் தப்பித்து வருவான். அந்தக் கூழ் கொடுக்கிற இடமும் நான் சொன்னதுதான். மாணிக்கம் உட்கார்ந்திருக்கிற பிளாக் ஒன்று சும்மா கிடந்தது. எதிரில் ஒரு சொம்பு வரைந்தால் போதும் என்றேன்.

புத்தகத்தை மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விற்கிறவர்களிடம் கொடுத்து, விழுப்புரம், திண்டிவனம் இரண்டு பஸ் ஸ்டாண்டிலும் விற்றேன். கேபிள் டி.வி. வீட்டுக்கு வீடு வருகிற வரைக்கும் ஓடியது. கூழ் கொடுக்கிற பக்கத்தை எதிர்பார்த்துப் பிள்ளைகள் அச்சகத்துக்கே வந்து கேட்பார்கள்.

முன்னட்டையில் ‘கதை, ஓவியம்: சுகுமாரன்’ என்று இருக்கும். பின்னட்டையின் அடியில் ‘அச்சிட்டோர்’ என்று போட்டு என் அச்சகத்தின் பெயர் இருக்கும். அன்றைக்கு எனக்கு அது போதும்போல இருந்தது.

3. பொடி எழுத்து

பல வருடம் கழித்து, ஆஃப்செட்டும் கம்ப்யூட்டரும் போட்ட பிறகு, ஒரு தம்பி அச்சகத்துக்கு வந்தார். பெயர் பிரபு. நம் பக்கத்துக் கெடார் கிராமத்துக்காரர். சென்னையில் சினிமா டைரக்டர். ராஜாளியைப் படமாக எடுக்கப்போகிறாராம். மாஸ்டரிடம் இருந்த புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது. என்னிடம் எல்லாம் பத்திரமாக இருந்தன. மொத்தத்தையும் எடுத்துக் கொடுத்தேன். என் பெயரும் வரும் என்றார். நானும் நம்பி ஊரெல்லாம் சொன்னேன்.

படம் வந்த அன்று மேட்னி ஷோவுக்கு அச்சக ஆட்கள் அத்தனை பேரையும் விழுப்புரத்தில் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். போஸ்டரைப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது. பெயரில் ‘நண்பகல்’ இல்லை. வெறும் ‘ராஜாளி’. கறுப்புத் தோல் உடுப்பு. முகத்தில் பாதி தெரியவில்லை.

உள்ளே போனால் ஒரே இருட்டு. முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை ராத்திரி. போதாததற்கு மழை. அஞ்சலை என் காதில், “இன்னாங்க, கண்ணாடி போட்டும் ஒண்ணும் தெரிலையே” என்றாள். ராஜாளி குடிக்கிறான். யாரோடும் பேசுவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கிறான். மொட்டை மாணிக்கத்தைப் படம் தொடங்கி அரைமணி நேரத்துக்குள் சாக்கடைத் தண்ணீரில் முக்கிக் கொன்றுவிட்டான். கூழும் இல்லை, வேப்பமரமும் இல்லை.

மாணிக்கம் செத்தபோது தியேட்டரே எழுந்து நின்று விசிலடித்தது. நான் மட்டும் உட்கார்ந்தே இருந்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், பொறாமைதான். நான் காப்பாற்றி வைத்தவனைக் கொன்று கைதட்டல் வாங்குகிறார்களே என்ற பொறாமை. டைட்டிலில் ‘மூலக்கதை, கதாபாத்திர உருவாக்கம்: சுகுமாரன்’ என்று தனியாக, பெரிதாக, நின்று போனதே, அதைப் பார்த்த பொறாமை. என் பெயர் அங்கே இல்லை.

“கடைசீல பொடி எழுத்து ஓடும், அதுல இருக்கும்” என்றாள் அஞ்சலை. படம் முடிந்ததும் பொடி எழுத்து ஓடத் தொடங்கியது. உடனே விளக்கைப் போட்டுப் படத்தை நிறுத்திவிட்டார்கள். நான் ஆபரேட்டரிடம் போனேன். தியேட்டர் டிக்கெட் புத்தகம் அடித்துக் கொடுக்கிறவன் என்பதால் என்னைத் தெரியும்.

“அண்ணா, அதெல்லாம் எவன் பாக்குறான்? அடுத்த ஷோவுக்கு ஜனம் நின்னுக்கினு இருக்குது” என்றார்.

“நான் பாக்குறேன், ஓட்டு.”

ஓட்டினார். நன்றி என்ற பட்டியலில், சாப்பாடு போட்டவருக்கும் மழைக்குத் தண்ணி லாரி கொடுத்தவருக்கும் நடுவில் என் அச்சகத்தின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை.

4. திண்டிவனத்தில் பாராட்டு விழா

அடுத்த மாதம் திண்டிவனத்தில் மாஸ்டருக்குப் பாராட்டு விழா. அழைப்பிதழை என் கிளை அச்சகத்திலேயே அடித்தார்கள். மேடையில் மாஸ்டரும் டைரக்டர் பிரபுவும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மூன்றாவது வரிசை. மாஸ்டருக்குப் போட்ட சால்வைகளை எண்ணக்கூடாது என்று நினைத்தும் எண்ணிவிட்டேன். பதினேழு.

மாஸ்டர் பேசினார். “என் மனசுல இருந்த ராஜாளி இருட்டுல பிறந்தவன். அந்தக் காலத்து மிஷினுக்கு அவனை அடிக்க வக்கு இல்லை. வேற வழியில்லாம வெயில்ல நிறுத்தினோம். என் அசல் ராஜாளியைத் தம்பி பிரபுதான் மீட்டுக் கொடுத்தார்.”

கூட்டம் கை தட்டியது. நான் தட்டவில்லை. படம் இருட்டாக இருந்ததற்கு டைரக்டரைத்தான் அதுவரை திட்டிக்கொண்டிருந்தேன். அது மாஸ்டரின் பழைய ஆசை என்பது அங்கேதான் தெரிந்தது. இத்தனை வருடமும் என் நண்பகலை அவர் ஒரு மிஷின் கோளாறாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

விழா முடிந்து மாஸ்டர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“மாஸ்டர், வக்கு இல்லாத மிஷினு என்னுதுதானே?”

“கோச்சிக்காதீங்க ஓனரே. நீங்க மைக்காகச் சொன்னீங்க, பிளாக்குக்காகச் சொன்னீங்க. உங்க தொழில் சௌகரியம். அதைப் போய்க் கற்பனைன்னு சொல்ல முடியுமா?”

“மைக்காகச் சொன்னா இன்னா? சொன்னது நான்தானே? தெரு எப்ப காலியா இருக்கும்னு யோசிச்சது மையா?”

பிரபு குறுக்கே வந்தார். “ஐயா, பழைய புக்ல உங்க பேரு ‘அச்சிட்டோர்’னுதான் இருக்குது. அதை வெச்சுத்தான் நன்றியில போட்டோம்.” என்னைச் சமாதானப்படுத்தவோ என்னவோ, பிறகு ஒன்று சொன்னார். “எனக்கும் அந்தப் புக்குன்னா உசுருங்க ஐயா. கெடார்ல லீவு நாள்ல மத்தியானம் பன்னண்டு மணிக்கு மொட்டை வெய்யில்ல போய் மானத்தைப் பாத்துக்கினு நிப்பேன், ராஜாளி எறங்குவான்னு. எங்க அம்மா வெளக்குமாத்தை எடுத்துக்கினு வரும்.”

“ராத்திரி நின்னியா தம்பி?”

“ராத்திரியா? எவன் போவான்? பயம்.”

“அப்ப நீ நின்னது யாருக்காக? மாஸ்டர் ராஜாளிக்கா, என் ராஜாளிக்கா?”

பிரபு மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் காபி டம்ளரைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அஞ்சலை, “வாங்க, பஸ்ஸு போயிடும்” என்று என் கையைப் பிடித்தாள். நான் நகரவில்லை.

மாஸ்டர்தான் சொன்னார். “கூழு குடுக்கிறது நல்ல எடம் ஓனரே. அது நான் வரைஞ்சதுலயே நல்ல பக்கம்.”

“வரைஞ்சது நீங்க” என்றேன். பிரபு, “ரெண்டாவது பாகத்துல ஏதாவது பண்றோம் ஐயா” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, இதிலிருந்து நீங்கள் கற்க வேண்டியது ஒன்றுதான். வாடிக்கையாளர் கொண்டுவருவதில் நீங்கள் ஒரு யோசனை சொல்லி, அதனால் வேலை உருப்பட்டால், அது என்ன யோசனை என்று அப்போதே அந்தத் தாளிலேயே அச்சடித்துவிடுங்கள். ‘அச்சிட்டோர்’ என்ற சொல்லுக்குள் எதுவும் அடங்காது. அதைப் படிக்கிறவர்களுக்கு மிஷின்தான் தெரியும், ஆள் தெரியாது.

இரண்டாவது பாகம் எடுக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். ஆகவே டைரக்டர் பிரபுவுக்கும் சுகுமாரன் மாஸ்டருக்கும் இதன் வழியாகவே சொல்கிறேன். எனக்குச் சால்வை வேண்டாம். நன்றிப் பட்டியலில் இடம் வேண்டாம். படத்தை இருட்டில் எடுப்பதானால் எடுத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் தொடக்கத்தில், மாஸ்டர் பெயருக்கு அடுத்தபடியாக, மாஸ்டர் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவு எழுத்தில், அது எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு நேரம் நிற்கும்படி, கீழே உள்ள வரியை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் போட வேண்டும்:

‘ராஜாளியை நண்பகலுக்குக் கொண்டுவந்து, மாணிக்கத்துக்குக் கூழ் கொடுக்க வைத்தவர்: விழுப்புரம் கோவிந்தன்.’

புரூஃப் எனக்கு அனுப்ப வேண்டும். நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் படம் வெளிவர வேண்டும்.