கொப்பரையில் ஒரு சுற்று

என் ஓரகத்தி சிரித்த முகத்தோடு தானாக வந்து என்னைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் முறை. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஜவ்வாது மலை அடிவாரத்தில், படவேட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நான் திருப்பத்தூரில் வளர்ந்தவள். கணவருக்கு வேலூரில் லாரி ஆபீசில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வருவார். திங்கட்கிழமை விடியலில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார். மற்ற நாட்களில் வீட்டில் மாமியார், கணவரின் அண்ணன், அவர் மனைவி, அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகள், அப்புறம் நான்.

என் ஓரகத்தியான அந்த அண்ணன் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. நான் அடுப்படிக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். தண்ணீர் எடுக்கப் போனால் நாலடி முன்னால் நடப்பார். என் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவில் இருந்த சுவர் கூரைவரை எழும்பாத சுவர். நான் இருமினால்கூட அந்தப் பக்கம் கேட்கும்.

வேலூரிலேயே ஓர் அறை எடுத்து என்னையும் அழைத்துக்கொள்ளும்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் மெல்லச் சொல்லியிருந்தேன். அந்த வாரமே மாமியார் சோறு போட்டுக்கொண்டே கேட்டார்:

"வேலூர் வெயிலு உனக்கு ஒத்துக்குமா? ஒல்லியா வேற இருக்கிற."

அக்கா குனிந்த தலை நிமிராமல் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் யார் காது கொடுத்தது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அல்லது தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

கார்த்திகை மழை விட்டு நாலைந்து நாள் வெயில் அடித்தது. மலையிலிருந்து இறங்கிவரும் ஆறு எங்கள் ஊர்ப்பக்கம் அகலமாகி, தடுப்பணைக்கு முன்னால் குளம்போல் நிற்கும். கரும்பு ஆட்டும் நாள் நெருங்கியதால், வெல்லம் காய்ச்சும் கொப்பரையைக் கழுவ வேண்டியிருந்தது. நாலு பேர் உள்ளே உட்காரலாம், அத்தனை பெரிய இரும்புக் கொப்பரை. அதை வண்டியில் கொண்டுவந்து ஆற்றோரம் பாதி தண்ணீரில் நிற்கும்படி இறக்கிவிட்டு, அக்காவின் கணவர் ஆரணிக்குப் போய்விட்டார். மாமியார் குழந்தைகளோடு சொந்தத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார். அக்காவும் நானும் மட்டும் மணலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தோம்.

தேய்த்து முடித்ததும் அக்கா நிமிர்ந்து, இரண்டு கரையையும் நன்றாகப் பார்த்தார். யாருமில்லை. பிறகுதான் அந்தச் சிரிப்பு.

"ஏறு. ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்."

"எதுலக்கா?"

"இதுலதான். எங்க ஊரு ஏரி ரொம்பிச்சின்னா சின்ன வயசுல நாங்க கொப்பரைலதான் சுத்துவோம்."

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க."

"எனக்குத் தெரியும். ஏறு."

இவ்வளவு நாள் பேசாதவள் இன்றைக்கு ஏன் ஆற்றுக்கு நடுவில் கூட்டிப்போகிறாள்? வீட்டில் யாரும் இல்லாத நாளாகப் பார்த்து ஏன்? மாட்டேன் என்றால் பயந்தாங்கொள்ளி என்பது மாமியார் காதுக்குப் போகும். ஏறினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். அக்கா கரையில் கிடந்த நீளமான மூங்கில் கழியால் கரையை உந்தினார். கொப்பரை ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து, தட்டாமாலை சுற்றுவதுபோல் மெதுவாகச் சுற்றிக்கொண்டே நகர்ந்தது. மலை ஒருமுறை என் முன்னால் வந்தது, அப்புறம் கரும்புத் தோட்டம் வந்தது, மறுபடி மலை. பயத்திலும் ஒரு சந்தோஷம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

நடு ஆற்றில் அக்கா கழியை ஊன்றி நிறுத்தினார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"இங்க நம்ம பேசறது எவன் காதுலயும் வுழாது. நெசத்த சொல்லு. என்னப் பத்தி அத்தைகிட்ட இன்னா சொல்லி வெச்ச?"

"நானா? நான் ஒண்ணுமே சொல்லலைங்களே."

"ரெண்டு பொண்ணு போதும், ஆபரேஷன் பண்ணிக்கிறேன்னு நான் நெனச்சது அந்தக் கிழவிக்கு எப்டித் தெரிஞ்சிச்சு? பேரன் வேணாமா உனக்குன்னு தெனமும் குத்துது. நர்சம்மா வந்து பேசினப்ப நீதான பக்கத்துல இருந்த?"

"நர்சம்மா பேசினது எனக்கு ஞாபகமே இல்லைங்க. நீங்க மட்டும்? நான் வேலூர் போறத அத்தைகிட்ட சொன்னது நீங்கதானே? சுவத்துக்கு அந்தாண்ட இருந்து கேட்டுட்டுத்தானே?"

"வேலூரா? நீ வேலூர் போறியா?"

அந்த முகத்தைப் பார்த்தால் நடிப்பாகத் தெரியவில்லை. ஆனாலும் நடிப்பாக இருக்குமோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னை அப்படித்தான் பார்த்தார்.

"அத நீ யாருகிட்ட சொன்ன?" என்றார்.

"அவர்கிட்ட மட்டும்தான். நீங்க?"

"நானும் எங்க வூட்டுக்காரருகிட்ட மட்டுந்தான்."

அப்படியானால் சொன்னது இந்த இரண்டு ஆண்களுமா? அந்த நேரத்தில் அக்காவின் பிடி தளர்ந்திருக்க வேண்டும். கழி நழுவித் தண்ணீரில் போய்விட்டது. கொப்பரை சுற்றிக்கொண்டே தடுப்பணைப் பக்கம் இழுபட்டது. அணைமேல் தண்ணீர் வழிந்து விழும் சத்தம் கிட்டே வந்தது. நான் கையால் தண்ணீரைத் தள்ளிப் பார்த்தேன். அது இன்னும் வேகமாகச் சுற்றியது.

அக்கா சட்டென்று எழுந்து விளிம்பைத் தாண்டித் தண்ணீரில் குதித்தார். என்னை விட்டுவிட்டுப் போகிறாள் என்றே நினைத்தேன். இதற்குத்தான் கூட்டிவந்தாள், இனி கரையேறி ஒன்றும் தெரியாதவள்போல் வீட்டுக்குப் போவாள் என்று, அந்த ஒரு நொடியில் முழுக்கதையும் எனக்குள் ஓடிவிட்டது. "அக்கா!" என்று கத்தினேன். அவர் தலை கொப்பரைக்குப் பின்னால் எழுந்தது.

"கத்தாத. ஆடாம குந்து."

இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக் காலால் தண்ணீரை உதைத்து என்னைக் கரைப்பக்கம் தள்ளினார். மார்பளவுத் தண்ணீர் வந்ததும் மூச்சு வாங்க நடந்து தள்ளினார். நாணல் புதரில் முட்டி நின்றபோது அவர் முழங்கையில் ரத்தம் வழிந்தது. என் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன்.

சந்தேகம் அத்தோடு தீரவில்லை. சுவரை மறக்க முடியவில்லை எனக்கு. அந்தச் சனிக்கிழமை பஸ் நிறுத்தத்துக்கே போய், சுவரே இல்லாத வெட்டவெளியில் நடந்து வரும்போது கணவரிடம், எருமையைக் கண்டாலே எனக்கு நடுங்குகிறது என்று ஒரு பொய் சொன்னேன். மறுநாள் மத்தியானம் மாமியார் என்னைத் தொழுவத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"எருமைய கண்டா பயமாமே உனக்கு? நேத்து வரிக்கும் நீதான தண்ணி காட்ன?"

சாயங்காலம் கணவரிடம் கேட்டேன். அவர் துளியும் கூசவில்லை. "அம்மா கேட்டா சொல்லாம இன்னா பண்றது? வூட்டு விசயந்தானே," என்றார். அவரிடம் கோபித்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு வெகுகாலம் அவரிடம் பேசுமுன் ஒவ்வொரு சொல்லையும் மாமியார் காதால் கேட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அடுத்த தை மாதம் அக்கா தாய் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் தங்கிவிட்டு வந்தார். வந்த புதிதில் அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டே குனிந்து எழுந்தார்; குடம் தூக்கவில்லை, நான்தான் தூக்கினேன். ஏன் என்று கேட்கவில்லை. தெரியாததை என்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாதில்லையா.

மாமியாருக்குத்தான் ஏதோ உறுத்தியது. ஒருநாள் களத்தில் புளி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"நீயும் அவளும் இப்பல்லாம் ஒண்ணா போறீங்க, ஒண்ணா வர்றீங்க. இன்னா பேசிக்கிறீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க அத்தை."

"சரி, சனிக்கிழம அவன் வரட்டும், கேட்டுக்கிறேன்," என்று அவர் புளியைப் புரட்டத் தொடங்கினார்.