முந்தானைக்குள் ஸ்டாப்வாட்ச்

படிப்பில் பின்தங்குகிறாள் என்று பள்ளி ஏற்பாடு செய்த ஐ.க்யூ. டெஸ்டில் ஆறாவது படிக்கும் மகள் கோட்டைவிட்டால், டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று மெய்யாகவே நம்பினேன். அதனால் வாரம் முழுக்க வீட்டில் வல்லாரைச் சட்னி. பயத்தில் நானும் தின்றேன்.

டெஸ்ட் வைக்க வந்த அம்மணி ஒல்லியானவர், மூக்கு நுனியில் கண்ணாடி. பிள்ளைகள் பதறக் கூடாதென்று ஸ்டாப்வாட்சை முந்தானைக்குள் மறைத்தே அழுத்துவார். வண்ணக் கட்டைகளை அடுக்கிய மகள் சற்று யோசித்ததும், ஜன்னலுக்கு வெளியே நின்ற நான், "செவப்பத் திருப்பி வை கண்ணு!" என்று கத்திப்போட்டேன்.

அந்த அம்மணி நிமிரவே இல்லை. "ஏனுங்க, டெஸ்ட் பாப்பாவுக்குத்தானுங்க. உங்களுக்கும் வேணும்னா அப்புறம் வெச்சுக்கலாமுங்க."

"நீங்க சொன்னது தப்புங்கப்பா," என்றாள் மகள்.

மகளுக்கு அறிவில் குறையில்லை, எழுத்துக்கூட்டிப் படிப்பதில்தான் சிரமம் என்று அவர் பள்ளிக்குச் சொன்னார். அதே பள்ளியில்தான் படிக்கிறாள். பரீட்சையில் கூடுதல் நேரம் தருகிறார்கள்.