முப்பத்தோராவது மாடி

ஐம்பத்து மூன்று வயது லிஃப்ட் மெக்கானிக் ஒருவரை அவருடைய சொந்தபந்தம் முழுக்க ‘சாம்பியன்’ என்று கூப்பிடுகிறது. ஓட்டப் பந்தயத்தில் ஓடியதற்கோ பளு தூக்கியதற்கோ இல்லை. இருபத்தெட்டு வருஷங்களுக்கு முன்னால், காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி ஒன்றில், ஜன்னல் துடைக்கும் பொம்மை மனிதனை முப்பத்தோராவது மாடி வரைக்கும் ஏற்றிவிட்டாராம். அதற்காக. அந்தப் பட்டத்தை அவர் மறுத்ததும் இல்லை, வாய் நிறைய ஏற்றுக்கொண்டதும் இல்லை. யாராவது அப்படிக் கூப்பிட்டால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்ப்பார். அடக்கமான மனுஷன் என்று எல்லோரும் மெச்சினார்கள். அடக்கமாவது மண்ணாவது. உள்ளுக்குள் உதறல்.

நடந்தது இதுதான். அந்தப் பெட்டி இருந்த விளையாட்டுக் கூடத்தில் அவர் ஆட வந்தவர் இல்லை, பெட்டிகளைப் பழுது பார்க்கிறவர். காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பு ஒவ்வொரு பெட்டியின் பின்கதவையும் திறந்து, டோக்கன் சிக்கியிருக்கிறதா, பட்டன்கள் ஒழுங்காக அமுங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். உள்ளே பச்சை சர்க்யூட் பலகையில் எட்டுக் குட்டி சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். இரண்டாவதைத் தள்ளினால் பொம்மைக்கு மூன்று உயிருக்குப் பதில் ஐந்து. ஐந்தாவதைத் தள்ளினால், மேலிருந்து தலையைக் குறிபார்த்து விழும் பூந்தொட்டிகள் சாவகாசமாக விழும். ஆடுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. சாவி மெக்கானிக்கின் இடுப்பில்தான்.

டோக்கன் கொடுக்கும் ஜன்னலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மதியம் சாப்பிட்ட கையோடு தானும் ஒரு டோக்கன் போட்டு ஆடுவாள். கூடத்துக் கரும்பலகையில் முதல் பெயர் அவளுடையது, இருபத்தாறாவது மாடி, எல்லோரையும்போல மூன்றே உயிரில். இவருக்கு அவள் கண்ணில் பட வேண்டும். பேசியிருக்கலாம், சிரித்திருக்கலாம், ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்கலாம். நம்ம ஆள் ஒருநாள் காலையில் அந்த இரண்டு சுவிட்சையும் தள்ளிவிட்டு ஆடினார். அவள் வேலைக்கு வந்தபோது திரையில் முப்பத்தொன்று மின்னிக்கொண்டிருந்தது. அவள் கண்கள் விரிந்தன. தன் பெயருக்கு மேலே இவர் பெயரைத் தன் கையாலேயே எழுதினாள்.

அதோடு போயிருந்தால் சின்னப் புத்தி என்று விட்டுவிடலாம். அந்த மாதமே எல்லாக் கூடங்களுக்கும் பொதுவாக ஒரு போட்டி வந்தது. கூடத்துக்கு ஒருவர், பலகையில் முதல் பெயர் யாருடையதோ அவர். முதல் பரிசு கோப்பை இல்லை, வேலை. பெட்டி தயாரிக்கும் கம்பெனியில் புது ஆட்டங்களை ஆடிப்பார்த்துக் குறை சொல்லும் வேலை. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. போனார், ஒன்பதாவது மாடியில் விழுந்தார், கைப்பிடி மக்கர் பண்ணிவிட்டது என்று வந்து சொன்னார். ஜெயித்தவன் எட்டாத உயரத்துக்கு ஏறிவிட்டான் என்றும் சொன்னார். அவள் ஆறுதல் சொன்னாள். அந்த வாரத்தோடு அவள் ஆடுவதை விட்டாள். முப்பத்தொன்று ஏறுகிற ஆளுக்கே அந்தக் கதி என்றால் தான் எம்மாத்திரம் என்று நினைத்திருப்பாள். அடுத்த வருஷம் இருவருக்கும் கல்யாணம். கூடம் மூடிய பிறகு அவர் லிஃப்ட் பக்கம் போனார், அவள் தபால் பிரிக்கும் அலுவலகத்தில் சேர்ந்தாள். அங்கே அவள் கை வேகத்தை மிஞ்ச இன்றைக்கும் ஆளில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடித்தனத்தில், போன மாதம் மனைவியின் தம்பி ஒரு செய்தியோடு வந்தான். மேல் வீட்டில் குடியிருக்கிறவன், வீட்டில் புது கேம் கன்சோல் வைத்திருக்கிறான். அந்தப் பழைய ஆட்டத்தை அப்படியே கன்சோலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்களாம். விலை ஒரு ஜோடி நல்ல ஷூ விலை. நடுவில் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம், தவறிவிட்டால் பத்து விநாடி பின்னால் ஓட்டிக்கொள்ளலாம். அதைவிட விசேஷம், பழைய பெட்டியின் பின்கதவையும் திரையில் வரைந்து வைத்திருக்கிறார்கள். திறந்தால் எட்டு சுவிட்சும் எது எதற்கு என்ற விளக்கத்தோடு இருக்குமாம். கேட்டதும் சாம்பியனுக்கு டீ புரையேறியது.

“வாங்கலாமா அத்தான்? நீங்க சொன்னா சரி,” என்றான் மச்சான்.

வேண்டவே வேண்டாம் என்றார் அத்தான். அன்றைக்கு அவர் பேசியதுபோல எந்தப் பத்திரிகைக்காரனும் ஒரு ஆட்டத்தை விமர்சித்திருக்க மாட்டான். கையில் அடங்கும் அந்தக் கனத்த கைப்பிடி இல்லாமல் அது ஆட்டமே இல்லை. பழைய பெட்டியின் வளைந்த கண்ணாடித் திரைக்காக வரைந்த பொம்மையைத் தட்டைத் திரையில் போட்டால் கட்டம் கட்டமாகப் பல்லிளிக்கும். பத்து விநாடி பின்னால் ஓட்டலாம் என்றால் பயம் போய்விடும். பயம் போன பிறகு என்ன ஆட்டம்? இரண்டு நாளில் சலித்துப்போய்த் தூக்கிப் போடுவாய், காசைக் கரியாக்காதே. இதில் பாதிக்கு மேல் உண்மை. அதுதான் கேவலம். உண்மைகளை அடுக்கி ஒரு பொய்க்குச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார்.

மச்சான் தலையாட்டிவிட்டு எழுந்தான். அதுவரை துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை.

“எனக்கு வேணும்டா. வாங்கு,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மேல் வீட்டுக்குப் போனார்கள். முதல் மரியாதை சாம்பியனுக்கு. ஆறாவது மாடியில் தொட்டி தலையில் விழுந்தது, அதோடு மூன்றாவது உயிரும் போனது. புதுக் கருவி கைக்குப் பழகவில்லை என்று மச்சானே சமாதானம் சொன்னான். அடுத்து அவள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பின்னால் ஓட்டுவதை அணைத்து வைக்கச் சொன்னாள். முதல் தடவை பதினொன்று. இரண்டாவது தடவை பத்தொன்பது. மூன்றாவது தடவை அவள் பேசுவதையே நிறுத்திவிட்டாள். நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப்பார்த்தது, கட்டைவிரல்கள் மட்டும் ஓடின. அந்த முகத்தை அவர் பார்த்து இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று. வீட்டிலேயே இருந்த முகம், அவர் தொலைத்துவிட்ட முகம்.

இருபத்தெட்டாவது மாடி வந்தது. மச்சான் சோபாவை விட்டு எழுந்துவிட்டான்.

“இன்னும் நாலே மாடிதான்க்கா. அத்தான் ரெக்கார்டு காலி.”

அவள் விரல்கள் நின்றன. தொட்டி ஒன்று நேராக இறங்கி வந்தது, அவள் நகர்த்தவில்லை. பொம்மை விழுந்தது. கருவியைத் தம்பியிடம் நீட்டினாள்.

“போதும்டா. அது அவரோடதாவே இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். இத்தனை வருஷம் அவர் பயந்தது பிடிபட்டுவிடுவோமே என்றுதான். பிடிபடாமல் இருப்பது இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. இல்லாத ஒன்றைத் தனக்காக அவள் விட்டுக்கொடுத்ததும், காது மடல் வரைக்கும் சூடு ஏறியது.

“அது என்னோடது இல்ல,” என்றார். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது.

மச்சான் சிரிக்கப் போனான், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அந்தப் பின்கதவைத் திறக்கச் சொன்னார் அவர். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், இரண்டாவது சுவிட்சையும் ஐந்தாவதையும் விரல் வைத்துக் காட்டினார். லிஃப்டில் கோளாறு எங்கே என்று கட்டட நிர்வாகிக்கு விளக்குகிற மாதிரிதான் சொன்னார். வேறு மாதிரி சொல்ல அவருக்கு வரவில்லை. எந்தக் காலை, எதற்காக, போட்டிக்கு ஏன் வாயை மூடிக்கொண்டு போனேன், எல்லாம் சொன்னார். மச்சான் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் சுவிட்சுகளைப் பார்க்கவே இல்லை, அவரைத்தான் பார்த்தாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தார். அழுவாள் என்றுகூட. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்தப் போட்டியில ஜெயிச்சவன் எத்தனாவது மாடி வந்தான்?”

இதற்கும் ஒரு பொய் கைவசம் இருந்தது. நாற்பது என்றால் நாற்பது, ஐம்பது என்றால் ஐம்பது. சரிபார்க்க இனி ஒரு ஆள் இல்லை. நாக்கு அதைத் தேடிப் போனதும் அவருக்கே தெரிந்தது.

“இருபத்தி மூணு,” என்றார்.

மச்சான் நிமிர்ந்து, அன்றைக்கு மூன்றே உயிரில் இருபத்தாறு ஏறியிருந்த அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள், சரி என்று சொல்லி எழுந்தாள். மறுநாள் காலை ஐந்தரைக்கு அவளுக்குத் தபால் பிரிக்கும் ஷிஃப்ட் இருந்தது.